போன் வந்தால் எழுந்து போய்விடும் மகன்

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. 11 மாதம் போர்முனையில் இருந்துவிட்டு, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்தான். வந்து 5 மாதமாகிறது. ராத்திரி தூங்குவதில்லை. தட்டு கீழே விழுந்தால் தரையோடு படுத்துவிடுகிறான். கூடவே இருந்த நண்பன் அங்கே இறந்துபோனான். அந்தப் பையனின் அம்மா அடிக்கடி போன் செய்கிறார். பெயரைப் பார்த்ததும் இவன் எழுந்து வெளியே போய்விடுகிறான். வேலைக்குப் போனால் சரியாகிவிடும் என்கிறார்கள் உறவினர்கள். கட்டாயப்படுத்தியாவது அவரோடு பேச வைக்க வேண்டாமா?
– ஒரு தாய்

பதில்: 'ஒரு கீறல்கூட இல்லாமல்' என்று எழுதியிருக்கிறீர்கள் அம்மா. அந்த வரியைத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரமானது. எல்லா வீட்டிலும் முதலில் அதைத்தான் பார்க்கிறோம். கை இருக்கிறது, கால் இருக்கிறது, சரி, பிள்ளை முழுசாக வந்துவிட்டான். அப்புறம் ஒருநாள் தட்டு விழுகிறது.

போர்முனையில் சத்தம் கேட்டதுமே தரையோடு படுத்தால்தான் உயிர் தங்கும். என்ன சத்தம் என்று யோசிக்க அங்கே நேரமில்லை. உங்கள் மகனின் உடம்பு 11 மாதம் படித்த பாடம் இது. ராத்திரி விழித்திருப்பதும் அப்படிப் பழகியதுதான். வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று அவனுக்குத் தெரியும்; அவன் உடம்பு இன்னும் அதை நம்பவில்லை. இது பைத்தியம் இல்லை. கோழைத்தனமும் இல்லை.

கோழைத்தனம் என்று சொன்ன காலமும் இருந்தது. முதல் உலகப் போரில் நடுங்கிக்கொண்டும் பேச்சிழந்தும் வந்த சிப்பாய்களைப் பற்றி 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் எழுதியபோது 'ஷெல் ஷாக்' என்ற பெயரைப் பயன்படுத்தினார். குண்டு வெடித்த அதிர்ச்சியில் மூளை கலங்கிவிட்டது என்று முதலில் நினைத்தார்கள். பக்கத்தில் குண்டே விழாதவர்களுக்கும் அது வந்தது. அதே போரில், ஓடிப்போனார்கள், கோழைத்தனம் காட்டினார்கள் என்று சொல்லி பிரிட்டிஷ் ராணுவம் தன் ஆட்களையே நிற்கவைத்துச் சுட்டது. அப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு பிரிட்டிஷ் அரசு மன்னிப்பு வழங்கியது 2006இல். அதைக் கேட்க எந்தத் தாயும் உயிரோடு இல்லை. வியட்நாம் போருக்குப் பிறகு, 1980இல்தான், அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் பி.டி.எஸ்.டி. என்ற பெயர் ஏறியது; பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனப் பாதிப்பு என்று பொருள். மருத்துவத்துக்கே இவ்வளவு காலம் பிடித்த விஷயம், உங்கள் உறவினர்களுக்குப் புரியாததில் ஆச்சரியமில்லை.

வேலை நல்லதுதான், ஆனால் அது மருந்தாகாது. இந்த மாதிரி அறிகுறிகள் ஒரு மாதத்தைத் தாண்டினாலே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். உங்கள் வீட்டில் 5 மாதம் ஓடிவிட்டது. தூக்க மாத்திரையோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துப் பேசவைக்கும் சிகிச்சை இருக்கிறது. பெரும்பாலும் வாரம் ஒருமுறை, மூன்று மாதம்போல நடக்கும். எல்லோருக்கும் முழுதாகக் குணமாகும் என்று சொல்ல மாட்டேன். நிறையப் பேருக்குத் தூக்கம் திரும்பியிருக்கிறது.

இன்னொன்று, கேட்கவே வாய் வராதது. 'செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?' என்று அவனிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

அவன் தூங்கும்போது தொட்டு எழுப்பாதீர்கள். கால்மாட்டில், கை எட்டாத தூரத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கண் திறந்து, நீங்கள்தான் என்று தெரிந்த பிறகு பக்கத்தில் போங்கள். பெற்ற பிள்ளையை எட்ட நின்று எழுப்புவது எத்தனை கஷ்டம் என்று எனக்குப் புரிகிறது. 'எத்தனை பேரைச் சுட்டே?' என்று கேட்கிற ஆள் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அவரை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

இப்போது அந்த போன். கட்டாயப்படுத்தாதீர்கள். அவன் அந்த அம்மாவை வெறுத்து எழுந்து போகவில்லை. 'நீ எப்படிப்பா தப்பிச்சே?' என்று அவர் கேட்டுவிடுவாரோ என்ற பயமாக இருக்கலாம். அவர் ஒருவேளை கேட்கவே மாட்டார். ஆனால் இவன் தினமும் தன்னையே அதைக் கேட்டுக்கொண்டிருப்பான். அந்தப் பேச்சை முதலில் மருத்துவரிடம் பேசட்டும்.

அதுவரை நீங்கள் பேசுங்கள். அடுத்த முறை மணி அடிக்கும்போது அவனிடம் சொல்லிவிட்டு நீங்களே எடுங்கள். மகனுக்கு உடம்பு சரியில்லை, பேச முடியும்போது அவனே பேசுவான் என்று உள்ளதைச் சொல்லுங்கள். அப்புறம் அவர் பிள்ளையைப் பற்றிக் கேளுங்கள். சின்ன வயதில் எப்படி இருப்பான், என்ன சேட்டை செய்வான் என்று. பெயர் சொல்லிக் கேளுங்கள். அவர் மனம் நோகுமே என்று பயந்து, சுற்றியிருப்பவர்கள் அந்தப் பெயரைச் சொல்வதையே நிறுத்தியிருப்பார்கள்.