கடலில் நிலம் அதிர்ந்தால் மலையில் நமக்கென்ன?

கடலடி நிலநடுக்கம் பற்றி மலையகத்திலிருந்து வந்த கேள்விகளுக்குப் புவியியல் ஆசிரியனாக என் பதில்கள்.

சுமாத்திராவில் 6 அளவில் அதிர்ந்ததாமே, எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையே? (ஹட்டன்)

தெரியாதுதான். அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 32 மடங்கு கூடும். அதனால் 8, 9 அளவோடு பார்த்தால் 6 மிகச் சிறியது. 6 அளவு அங்கே பக்கத்து ஊர்களின் சுவரைப் பிளக்கலாம். 1,600 கிலோமீட்டர் தாண்டி இங்கே வருவதற்குள் ஓய்ந்துவிடும். பல்லேகலையில் உள்ளது போன்ற நிலநடுக்கமானிகளுக்கு மட்டும்தான் தெரியும்.

2012இல் சுமாத்திராவுக்கு அப்பால் கடலில் 8.6 அளவு என்றார்கள். பெரிய அலை வரவில்லையே, ஏன்? (நுவரெலியா)

நல்ல கேள்வி. 2004 சுனாமியின்போது கடற்படுகை மேலே எழும்பியது. மேலிருந்த தண்ணீரையும் தூக்கிவிட்டது. 2012 ஏப்ரல் 11 அன்று பாறைகள் பக்கவாட்டில் வழுக்கின. ஒரு வாளித் தண்ணீருக்குள் சாப்பாட்டுத் தட்டு ஒன்றைப் படுக்கையாகப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், அப்புறம் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். வித்தியாசம் புரியும்.

திகனயில் 2020இல் அதிர்ந்ததும் கடலால்தானா?

இல்லை. அது விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்திலேயே உண்டான சிறு அதிர்வு.

அதிர்வில் எங்கள் லயத்துக்கு மேலுள்ள மண் சரியுமா? (பண்டாரவளை)

தூரத்துக் கடலதிர்வை விட மழைக்குத்தான் நான் பயப்படுகிறேன். 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களைப் புதைத்தது மழையில் ஊறிய மண். ஒரு நாளில் 75 மில்லிமீட்டர் தாண்டினாலே கவனம் வேண்டும். நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று நிலையில் இடிக்கிறதா, பீலித் தண்ணீர் திடீரெனக் கலங்கி வருகிறதா, இஸ்தோப்பில் புது வெடிப்பு ஓடுகிறதா? விடியட்டும் என்று இருக்காதீர்கள். பிள்ளைகளோடு வெளியேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.

மகள் திருகோணமலையில் வேலை செய்கிறாள். இங்கே அதிர்ந்தால் என்ன செய்ய? (கொட்டகலை)

அம்மா, இதுதான் முக்கியம். சுமாத்திராவில் பெரிதாக அதிர்ந்தால் அதிர்வு நான்கு நிமிடத்துக்குள் மலைக்கு வந்துவிடும். கடலலைக்கு இரண்டு மணித்தியாலம் அளவில் ஆகும். 2004இல் காலை 6.58க்கு அதிர்ந்தது. அலை கிழக்குக் கரையைத் தொடும்வரை அங்கே யாருக்கும் எச்சரிக்கை போகவில்லை. நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தொங்கும் பல்பு தானாக ஆடினால், குடத்துத் தண்ணீர் தளும்பினால், உடனே மகளுக்குக் கோல் எடுங்கள். கரையை விட்டு மேட்டுக்குப் போகச் சொல்லுங்கள். கடல் உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நிற்கக் கூடாது. முதல் அலை வடிந்ததும் சாமான் எடுக்கத் திரும்பவும் கூடாது. அடுத்த அலை அதைவிடப் பெரிதாக வரலாம்.