விண்டோஸில் வரும் இணையம் லினக்ஸில் ஏன் வரவில்லை? வாசகர் கேள்விகள்

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒன்றில் இணையம் வந்து மற்றொன்றில் வரவில்லை என்றால் ரவுட்டர், கேபிள், நெட்வொர்க் கார்டு மூன்றும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. எதையும் கழற்றும் முன், புதிதாக வாங்கும் முன், மற்ற இயங்குதளத்துக்குள் போய் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: விண்டோஸை ஷட்டவுன் செய்துவிட்டு உபுண்டு லினக்ஸுக்குள் போனால் வைஃபையே தெரிவதில்லை. ரீஸ்டார்ட் கொடுத்துப் போனால் வருகிறது. ஏன் இப்படி?

பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் அல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி ஆனில் இருந்தால், விண்டோஸ் உங்கள் புரோகிராம்களை மட்டும் மூடும். கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) டிரைவர்களும் (கார்டு போன்ற வன்பொருளை இயக்கும் மென்பொருள்கள்) இருந்த நிலையை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போகும். அப்போது சில நெட்வொர்க் கார்டுகளும் அரைத்தூக்கத்தில் நின்றுவிடுகின்றன. விண்டோஸ் டிரைவருக்கு அதை எழுப்பத் தெரியும். லினக்ஸ் டிரைவர் கூப்பிட்டால் கார்டு எழுந்திருப்பதில்லை. ரீஸ்டார்ட்டில் இந்தக் குறுக்குவழி கிடையாது, அதனால்தான் வேலை செய்கிறது.

ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்துப் பாருங்கள். அப்போது வைஃபை வந்தால் காரணம் உறுதி. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். டிக் மங்கலாக இருந்தால், மேலே உள்ள அமைப்புகளை மாற்றும் இணைப்பை முதலில் சொடுக்க வேண்டும். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு டிக் திரும்பி வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இணையம் போவதைவிட எனக்குப் பெரிய கவலை வேறொன்று. விண்டோஸ் இப்படித் தூங்கும்போது லினக்ஸிலிருந்து அதன் பார்ட்டிஷனில் (டிஸ்க்கில் அதற்கு ஒதுக்கிய பகுதியில்) எதையாவது எழுதினால் கோப்புகள் கெட்டுப்போகலாம். டூயல் பூட், அதாவது இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர்கள் எல்லோருமே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து வைப்பது நல்லது.

கேபிள் இணைப்பிலும் இதே சிக்கல் வரும். கேபிள் செருகும் இடத்தில் உள்ள சின்ன விளக்கு லினக்ஸில் எரியவே இல்லையென்றால், மின்சார ஒயரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் ஒயரை மாட்டி, நேராக லினக்ஸுக்குள் போய்ப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு நேர்மாறு. லினக்ஸில் நன்றாக வருகிறது. விண்டோஸில் இணைந்திருப்பதாகக் காட்டுகிறது, எந்தத் தளமும் திறப்பதில்லை.

கமாண்ட் பிராம்ப்டில் ping 8.8.8.8 என்று அடித்து, அந்த முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பாருங்கள். பதில் வந்தால் பாதை சரி. பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸிலோ, நீக்கிய விபிஎன் விட்டுச் சென்ற பிராக்ஸி (இணையத்துக்கு இடையில் நிற்கும் சர்வர்) அமைப்பிலோதான் கோளாறு. பிராக்ஸியை முதலில் பாருங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

பதில் வரவில்லையென்றால் உங்கள் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி தரவில்லை, விண்டோஸ் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். எப்போதோ கையால் போட்டு வைத்த முகவரியும் காரணமாகலாம். பழைய ரவுட்டருக்காக 192.168.1.50 என்று போட்டிருப்பீர்கள், புது ரவுட்டர் 192.168.0 வரிசையில் இருக்கும். தானியங்கிக்கு மாற்றினால் போதும். நெட்வொர்க் ரீசெட் கடைசி வழியாக இருக்கட்டும், சேமித்த வைஃபை கடவுச்சொற்களும் போய்விடும்.

கேள்வி: லினக்ஸில் அப்டேட் போட்டேன், வைஃபை போய்விட்டது. டிரைவரை இறக்கவும் இணையம் வேண்டுமே?

கைபேசியை யூஎஸ்பி ஒயரில் மாட்டி டெதரிங் (கைபேசியின் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் வசதி) ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் தனி டிரைவர் இல்லாமலே வேலை செய்யும். அப்படியே, கணினி தொடங்கும்போது இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்க வரும் கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கெர்னலில் நுழைந்து பாருங்கள். அங்கே வைஃபை வந்தால், புதிய கெர்னலுக்கு டிரைவர் சரியாக அமையவில்லை. பிராட்காம் கார்டுகளில் இது அடிக்கடி வரும். செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு வசதி) ஆனில் இருந்தால், கையொப்பமில்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்றாது. அடுத்த பூட்டில் வரும் நீலத் திரையில் டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதிவு செய்யச் சொல்லும். அதைப் புரியாமல் தாண்டிவிட்டால் டிரைவர் இருந்தும் பயனில்லை.

கேள்வி: மாறி மாறிப் போனால் கடிகாரம் தவறுகிறது. தளங்கள் பாதுகாப்பில்லை என்கின்றன.

மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் வாசிக்கின்றன. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒத்துப்போகும். ஆனால் சில மணி நேர வித்தியாசத்துக்குத் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் பொதுவாகத் தகராறு செய்வதில்லை. தேதி வருடக்கணக்கில் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் உள்ள சின்ன வட்ட பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் அது சிஆர்2032 வகைதான், மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இரண்டிலுமே வைஃபை இல்லை.

ஏரோபிளேன் விசையை அழுத்திப் பாருங்கள். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) வயர்லெஸ் ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதே வைஃபையில் கைபேசிக்கு இணையம் வந்து, கணினியின் இரண்டு பக்கமும் கார்டே தெரியவில்லை என்றால், அப்போது கார்டைச் சந்தேகிக்கலாம்.