கடலை அலர்ஜி உள்ள மகளை எவ்வளவுதான் பொத்திப் பொத்தி வைப்பது?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. வேர்க்கடலை அலர்ஜி. இரண்டு வருடங்களுக்கு முன் கடலை கலந்த பிஸ்கட்டைத் தெரியாமல் தின்று, மூச்சுத்திணறி, அவசர சிகிச்சை வரை போனோம். அன்றிலிருந்து பிறந்தநாள் விழா, சுற்றுலா எதற்கும் அனுப்புவதில்லை. பள்ளியிலும் தனி மேஜையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். இப்போது அவளாகவே வெளியில் எதையும் தொடமாட்டேன் என்கிறாள், தோழிகளும் குறைந்துவிட்டார்கள். நாங்கள் மிதமிஞ்சிப் பயப்படுகிறோமா?

பதில்: பிள்ளை மூச்சுக்குத் தவித்ததைக் கண்ணால் பார்த்தவர்களிடம் ‘பயப்படாதீர்கள்’ என்று சொல்ல எனக்கு மனம் வராது. சொன்னாலும் பயன் இல்லை. ஆனால் உங்கள் பயம் கடலையோடு நிற்காமல் தோழிகள், மேஜை, விளையாட்டு என்று எல்லாவற்றின் மேலும் படிந்துவிட்டது. அதைப் பழையபடி கடலையின் மேல் மட்டும் கொண்டுவந்து வைப்பதுதான் இப்போதைய வேலை.

இது உங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தைகளோடு கடலை அலர்ஜி உள்ள குழந்தைகளை ஒப்பிட்டு 2003-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வாழ்க்கைத் தரம் குறைவாக இருந்தது அலர்ஜிக் குழந்தைகளுக்குத்தான். முக்கியமாக, வெளியில் சாப்பிடும்போது ஏதாவது ஆகிவிடுமோ என்ற கலக்கம் அவர்களுக்கு அதிகம். அதே குழந்தைகளில் பெரும்பாலோர், கடும் அலர்ஜி வந்தால் உடனே போடும் அட்ரினலின் ஊசி கையில் இருந்தால் தைரியமாக இருப்பதாகவும் சொன்னார்கள்.

சரி, உண்மையான ஆபத்து எது? வாய்க்குள் போவது. கடலை உள்ள தின்பண்டம், அதைத் தொட்ட கரண்டி, இன்னொருவர் கடித்த பண்டம், லேபிளைப் படிக்காமல் பிரித்த பாக்கெட் இவற்றில் சமரசமே வேண்டாம். பக்கத்தில் ஒருவர் கடலை தின்பது அந்த வகையில் வராது. கடுமையான கடலை அலர்ஜி உள்ள 30 குழந்தைகளின் தோலில் கடலை வெண்ணெயைத் தடவியும், அதன் வாசனையை 10 நிமிடம் முகரவைத்தும் மருத்துவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். சிலருக்குத் தடவிய இடத்தில் தோல் சிவந்தது. ஒருவருக்குக்கூட உடல் முழுக்கப் பரவும் எதிர்வினை வரவில்லை. (இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.) அதனால் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அந்தத் தனி மேஜையை எடுத்துவிடச் சொல்லுங்கள். அவள் தோழிகளோடு உட்காரட்டும். தன் டப்பாவில் இருப்பதை மட்டும் சாப்பிடட்டும். எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். சானிட்டைசர் கடலைப் புரதத்தை நீக்காது. பள்ளியில் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

அப்புறம், ஊசி. அது எப்போதும் அவள் இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். அலுவலக அறை அலமாரியில் பூட்டியிருந்தால் இல்லாததற்குச் சமம். குரல் கம்மினால், இருமல் விடாமல் வந்தால், இளைப்பு வந்தால், மயக்கம் தட்டினால் உடனே தொடையின் வெளிப்புறத்தில் போட்டுவிட்டு ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். எழுந்து நடக்க விடக்கூடாது. படுக்க வையுங்கள், மூச்சு வாங்கினால் காலை நீட்டி உட்கார வையுங்கள். அரிப்புக்குத் தரும் மாத்திரை மூச்சுத்திணறலை நிறுத்தாது. அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் நான் அதிகம் அஞ்சும் தவறு. மருந்தில்லாத பயிற்சி ஊசி கிடைத்தால் வாங்கி, உங்கள் தொடையில் அவளையே அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து ஆசிரியர், அடுத்து நெருங்கிய தோழியின் அம்மா. இவர்களுக்குக் கை பழகிவிட்டால் பிறந்தநாள் விழாவுக்கும் அனுப்பலாம். முதல் தடவை நீங்கள் அடுத்த அறையில் இருங்கள், அவள் தட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

இன்னொன்றைக் கட்டாயம் கேளுங்கள்: யாராவது கேலி செய்கிறார்களா? 2013-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தை அலர்ஜியை வைத்துச் சீண்டப்பட்டிருந்தது. சாப்பாட்டை முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டுவதும் அதில் அடக்கம். பாதிப் பெற்றோருக்குத்தான் விஷயமே தெரியும். பெற்றோருக்குத் தெரிந்திருந்த குழந்தைகளின் வாழ்க்கைத் தரம் மேலாக இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘இன்று ஏதாவது பிரச்சினையா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். ‘யாரோடு சாப்பிட்டாய், என்ன பேசினீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். அலர்ஜிக் குழந்தைகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கேள்வித்தாள்களில் 8 வயதிலிருந்து குழந்தையே நிரப்பும் படிவம் தனியாக உண்டு. பெற்றோர் பார்ப்பதும் குழந்தை அனுபவிப்பதும் ஒன்றாக இருப்பதில்லை. மருத்துவரிடம் போகும்போதும் அவளைப் பேசவிடுங்கள்.

கடைசிப் பரிசோதனை எப்போது நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. கடலை அலர்ஜி ஐந்தில் ஒரு குழந்தைக்கு வளர வளர மறைந்துவிடுகிறது. அதனால் அலர்ஜி நிபுணரிடம் மறுபடி காட்டுங்கள். மற்ற பருப்பு, கொட்டை வகைகளையும் வெறும் ரத்தப் பரிசோதனையை வைத்து ஒதுக்கியிருந்தால், அது தேவைதானா என்றும் கேளுங்கள். பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ வந்தும் அந்த உணவு ஒத்துக்கொள்கிற குழந்தைகள் நிறையப் பேர். மருத்துவமனையில், மருத்துவர் கண் முன்னே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடவைத்துப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும்.

வெளியில் சாப்பிட மறுப்பது வீட்டுச் சாப்பாட்டுக்கும் பரவினாலோ, எடை குறைந்தாலோ, தூக்கம் கெட்டாலோ, குழந்தைகள் மனநல ஆலோசகரிடம் தாமதிக்காமல் அழைத்துப் போங்கள். நீங்களும் கூடவே உட்கார்ந்து பேசுங்கள். அன்று நடந்ததை உங்களாலும் இன்னும் மறக்க முடிந்திருக்காது.