உக்ரைனில் வேர் தேடுமுன் ஊரைத் தேடுங்கள்

கேள்வி: கனடாவின் எட்மன்டனில் வசிக்கிறேன். என் கணவரின் கொள்ளுத் தாத்தா உக்ரைனிலிருந்து 1900களின் தொடக்கத்தில் ஆல்பர்ட்டாவுக்கு வந்து பண்ணை அமைத்தவர். ‘பிறந்த இடம்: கலீசியா, ஆஸ்திரியா’ என்று எழுதிய ஒரு காகிதமும், அவருடைய தம்பி அமெரிக்காவுக்கோ பிரேசிலுக்கோ போய்விட்டார் என்ற செவிவழிச் செய்தியும்தான் வீட்டில் மிஞ்சியிருக்கின்றன. என் மாமனாருக்கு வயதாகிவிட்டது. அவர் காலத்திலேயே உறவினர் எவரையாவது கண்டுபிடிக்க முடியுமா? உக்ரைன் ஆவணக் காப்பகத்துக்கு நேரடியாக எழுதலாமா?

பதில்: கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு. ஆனால் காப்பகத்துக்கு இப்போது எழுத வேண்டாம். அங்குள்ள பதிவேடுகள் ஊர்வாரியாகவும் பங்குவாரியாகவும் (பங்கு என்பது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்) அடுக்கப்பட்டவை என்பதால், குடும்பப் பெயரை மட்டும் கொடுத்தால் பெரும்பாலும் பயன் இராது. ஊர்ப் பெயரை முதலில் பிடிக்க வேண்டும். அது கிடைக்கக்கூடிய இடம் உக்ரைனைவிட நீங்கள் வாழும் ஆல்பர்ட்டாதான்.

காகிதத்தில் உள்ள ‘ஆஸ்திரியா’ பிழையன்று. இன்றைய மேற்கு உக்ரைனின் பெரும்பகுதியான கிழக்குக் கலீசியா 1772 முதல் 1918 வரை ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. பின்னர் போலந்திடமும், 1939இல் சோவியத் ஒன்றியத்திடமும் போனது. ஆகையால் கனடாவின் 1901, 1906, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் இம்மக்கள் ஆஸ்திரியர், கலீசியர், ருத்தேனியர் என்றெல்லாம் பதிவாகியிருப்பார்கள். ‘உக்ரைனியர்’ என்று தேடினால் கிடைப்பது அரிது. (ஆஸ்திரியக் குடிகள் என்பதற்காகவே இவர்களில் பல்லாயிரம் பேர் முதல் உலகப் போரின்போது எதிரி நாட்டவராகப் பதிவு செய்யப்பட்டனர், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட உக்ரைனியர் முகாம்களில் அடைக்கப்பட்டனர்.) குடும்பத்தின் சமயத்தையும் மாமனாரிடம் கேட்டு வையுங்கள். கிரேக்கக் கத்தோலிக்கர் (கிழக்கத்திய வழிபாட்டு முறையைப் பின்பற்றும் கத்தோலிக்கர்) என்றால் கலீசியாவாக இருக்க வாய்ப்பு மிகுதி. பரம்பரையாக ஆர்த்தடாக்ஸ் என்றால், ஆஸ்திரியாவின் கீழேயே இருந்த பக்கத்து மாகாணமான புக்கோவினாவையும் கணக்கில் கொள்ள வேண்டும். இரண்டுக்கும் காப்பகங்கள் வேறு.

ஊர்ப் பெயருக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது தேவாலயப் பதிவேடுகளை. ஆல்பர்ட்டாவின் உக்ரைனியப் பங்குகளில் ஒரு குழந்தையின் திருமுழுக்கைப் பதியும்போது, பெற்றோர் பழைய நாட்டில் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள் என்பதையும் பல பங்குத்தந்தையர் எழுதி வைத்தார்கள். கல்லறைக் கற்களிலும், 1910 முதல் வினிப்பெக்கில் வெளிவந்த ‘உக்ரைனியக் குரல்’ போன்ற இதழ்களின் மரண அறிவிப்புகளிலும் ஊரும் மாவட்டமும் குறிக்கப்பட்டிருக்கலாம். ஹாம்பர்க் துறைமுகத்தின் பயணிகள் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை பெரும்பாலும் பிழைத்திருக்கின்றன. அவற்றில் பயணி கடைசியாக வசித்த ஊர் இருக்கும். பிரேமன் வழியாகப் போனவர்களின் பழைய பட்டியல்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது.

குடியுரிமைக் கோப்பைப் பலரும் முதலில் தேடுகிறார்கள். பத்து டாலர் கட்டி 160 ஏக்கர் நிலம் பெற்றவர் அதன் பட்டாவை வாங்கக் குடியுரிமை பெற்றாக வேண்டியிருந்தது. உங்கள் கொள்ளுத் தாத்தா வந்த காலத்தைப் பார்த்தால் அது 1917க்கு முன்பே நடந்திருக்கும். அந்த ஆண்டு வரையிலான குடியுரிமைக் கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டன. பெயர்ப் பட்டியல் மட்டுமே உண்டு. அதற்கு மாறாக, 1930 வரையிலான நிலக் கோப்புகள் ஆல்பர்ட்டா மாகாணக் காப்பகத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. அவற்றில் பிறந்த ஊர் இல்லாவிட்டாலும் அக்கம்பக்கத்து நிலக்காரர்களின் பெயர்கள் கிடைக்கும். இம்மக்கள் ஊரோடும் உறவோடும் பெயர்ந்து வந்து ஒரே இடத்தில் நிலம் பிடித்தவர்கள். 1891இல் கனடாவுக்கு வந்த முதல் இருவரும் நெபிலிவ் என்ற ஒரே கிராமத்தார். அவ்வூரார் பலர் பின்னால் அவர்களைத் தொடர்ந்து வந்தனர். உங்கள் குடும்பத்தின் ஊர் தெரியாத நிலையில், வேலிக்கு அப்பால் இருந்தவரின் ஊர் தெரிந்தால் அது வலுவான துப்பு.

பெயர் மாற்றங்களையும் எதிர்பாருங்கள். வசில் என்பவர் கனடாவில் வில்லியம் ஆவார். அவரே கலீசியாவின் இலத்தீன் பதிவேட்டில் பசிலியஸ் என்றிருப்பார். குடும்பப் பெயரும் போலிஷ், ஜெர்மன், ஆங்கில எழுத்துமுறைகளில் வேறுவேறாகத் தோன்றும்.

ஊர் தெரிந்தபின் மாவட்டத்தையும் உறுதி செய்யுங்கள், ஏனெனில் ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. ஆஸ்திரிய அரசு 1784இல் கொண்டுவந்த பதிவேட்டு முறையில் ஒவ்வொரு பிறப்புக்கும் இறப்புக்கும் வீட்டு எண் எழுதப்பட்டது. ஒரே பெயரில் நான்கைந்து குடும்பங்கள் இருந்த ஊரில் உங்கள் கிளையைப் பிரித்தறிய இதைவிட நல்ல துணை இல்லை. பங்கிலிருந்து மறைமாவட்டத்துக்கு (ஆயரின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதிக்கு) அனுப்பப்பட்ட பிரதிகளில் பெரும்பகுதி லிவிவ் நகரின் மத்திய அரசு வரலாற்றுக் காப்பகத்தில், 201 என்ற எண்ணுள்ள தொகுப்பில் இருக்கின்றன. மேற்கே பிஷெமிஷில் மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஊரென்றால் போலந்தின் பிஷெமிஷில் அரசுக் காப்பகத்தையும், புக்கோவினா என்றால் செர்னிவ்த்ஸி காப்பகத்தையும் பார்க்க வேண்டும். இவற்றில் கணிசமானவை ‘ஃபேமிலிசேர்ச்’ தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. போர்க்காலத்தில் காப்பகத்துக்குக் கடிதம் எழுதிக் காத்திருப்பதைவிட அங்கே தொடங்குவதே நல்லது.

தம்பி அமெரிக்கா போனவரானால் உங்களுக்கு அதிர்ஷ்டம் எனலாம். 1907 முதல் அமெரிக்கக் கப்பல் பட்டியல்களில் பிறந்த ஊரும், சொந்த நாட்டில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும், போய்ச் சேரும் இடத்தில் இருப்பவரின் பெயரும் கேட்கப்பட்டன. நியூயார்க்கின் எல்லிஸ் தீவுப் பட்டியல்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எனவே அண்ணனின் ஊர் தம்பியின் கப்பல் பட்டியலில் கிடைக்கவும் கூடும். பிரேசில் என்றால் பரனா மாநிலத்தில், குறிப்பாகப் புருதென்தோபோலிஸ் வட்டாரத்தில் தேடுங்கள்.

ஊரிலேயே தங்கிவிட்ட பங்காளிகளின் வழியினர் இன்றும் அங்கே இருப்பார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 1944 முதல் 1946 வரை போலந்துக்கும் சோவியத் உக்ரைனுக்கும் இடையே மக்கள் இடம்பெயர்க்கப்பட்டார்கள். போலந்துப் பக்கம் எஞ்சிய உக்ரைனியர் சுமார் 1,40,000 பேர் 1947இல் அந்நாட்டின் வடக்கிலும் மேற்கிலும் சிதறடிக்கப்பட்டார்கள். ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு, போருக்குப்பின் அகதி முகாம்களிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் போனவர்களை ஜெர்மனியின் ஆரோல்சன் காப்பகத்தில் இணையவழி தேடலாம். ஊருக்கு எழுதுவதாக இருந்தால் அவ்வூர்ப் பங்குத்தந்தைக்கோ உள்ளாட்சி அலுவலகத்துக்கோ உக்ரைனிய மொழியில், ஒரு பழைய புகைப்படத்தோடும் வம்ச வரைபடத்தோடும் எழுதுங்கள். நிலம், சொத்து பற்றி எதையும் நாடவில்லை என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவது நல்லது. உறவினர் எவரேனும் ரஷ்யப் பிடியிலுள்ள பகுதியில் இருப்பதாகத் தெரிந்தால், அவர் பெயரையும் ஊரையும் பொதுத்தளத்தில் இடாதீர்கள்.

இவையெல்லாம் மாதக்கணக்கில் ஆகும் வேலை. ஒன்றை மட்டும் இந்த வாரமே செய்யலாம்: மாமனார் சம்மதித்தால் அவருடைய மரபணுப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். அவரும் அந்தத் தம்பியின் பேரனும் ஒரே கொள்ளுத் தாத்தாவின் வழிவந்தவர்கள். அந்த அளவு உறவில் இருவருக்கும் பொதுவான மரபணுப் பகுதி ஏறத்தாழ எப்போதும் தென்படும். அடுத்த தலைமுறையில், உங்கள் கணவரின் நிலையில், பத்தில் ஒருவருக்கு எதுவும் தென்படாமல் போகிறது. உக்ரைனில் பரிசோதனை செய்துகொண்டவர்கள் குறைவு என்பதால் வரும் பொருத்தங்கள் பெரும்பாலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும். ஊருக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த கிராமங்களில் தூரத்து உறவும் கிட்டத்து உறவுபோல் காட்டும். ஆகவே பொருத்தமாக வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது அவருடைய முன்னோரின் ஊர்ப் பெயரை.