மலைக்காற்றில் எந்த டிரைவர்? டிஸ்க் கோல்ஃப் கேள்வி-பதில்

தட்டு போன்ற டிஸ்க்கை வீசி, குறைந்த வீச்சுகளில் கூடையில் சேர்ப்பதுதான் டிஸ்க் கோல்ஃப். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "இன்னும் ஸ்டேபிளான டிரைவர் எது?" டிரைவர் என்பது தூரமாக வீசும் டிஸ்க். ஸ்டேபிள் என்றால் வலப்பக்கம் புரளாமல் போய், கடைசியில் இடப்பக்கம் வளைவது. பதில்கள் எல்லாம் வலது கையால் பேக்ஹேண்ட் (கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய், புறங்கை முன்னால் வர) வீசுகிறவருக்கு. இடது கைக்காரர்கள் இட, வலத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் இரண்டு வருஷம் லெப்பர்ட் என்ற டிரைவரை வீசினேன். பலமாக வீசினால் வலப்பக்கம் புரண்டுவிடும். இப்போது மாற்றலில் ஊட்டி வந்திருக்கிறேன். டீபேர்ட் வாங்கலாமா அண்ணா, இல்லை நேரே ஃபயர்பேர்டுக்கே போய்விடலாமா? (ஊட்டி)

எதையும் வாங்காமல் ஒரு வாரம் அதே லெப்பர்டை வீசிப் பாருங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டிஸ்க் மிதப்பதும் வலப்பக்கம் திரும்புவதும் காற்றின் வேலை. காற்று மெலிந்தால் இரண்டும் குறையும். அங்கே புரண்ட அதே டிஸ்க் இங்கே நேராகப் போய், கடைசியில் கொஞ்சம் இடப்பக்கம் வளைந்து இறங்கலாம். மலை ஏறியதிலேயே பாதி ஸ்டேபிள் இலவசமாகக் கிடைத்துவிட்டது!

டிஸ்க்கில் அச்சிட்ட நான்கு எண்கள் வேகம், மிதப்பு, டர்ன், ஃபேட் என்ற வரிசையில் இருக்கும். டர்ன் என்பது வேகமாகப் போகும்போது வலப்பக்கம் திரும்புவது, மைனஸ் கூடக் கூட அதிகம் திரும்பும். ஃபேட் என்பது வேகம் குறைந்ததும் இடப்பக்கம் வளைவது. லெப்பர்டுக்கு 6, 5, -2, 1. டீபேர்டுக்கு 7, 5, 0, 2. ஃபயர்பேர்டுக்கு 9, 3, 0, 4. லெப்பர்டிலிருந்து அடுத்த படி டீபேர்ட்தான். ஃபயர்பேர்ட் இரண்டு படி தாண்டுவது. மெல்லிய காற்றில், நடுத்தர வேகத்தில் வீசினால் அது பாதி வழியிலேயே இடப்பக்கம் விழுந்துவிடும்.

எங்கள் மைதானம் மேட்டில் இருக்கிறது. ஆடி மாதம் முழுக்க எதிர்காற்று. டீபேர்டே புரள்கிறது. (கோத்தகிரி)

உங்களுக்குத்தான் நிஜமாகவே கனமான ஃபேட் தேவை. எதிர்காற்றில் டிஸ்க்கின் மேல் ஓடும் காற்றின் வேகம் கூடுகிறது. உங்கள் கையை மீறிய பலத்தோடு வீசியது போல அது நடந்துகொள்ளும், வலப்பக்கம் திரும்பும். ஃபயர்பேர்ட் ஒன்று பையில் இருக்கட்டும். அது கொஞ்சம் அதிகம் என்று தோன்றினால் ஈகிள் (7, 4, -1, 3) பாருங்கள். ஃபேட் டீபேர்டைவிடக் கூடுதல். ஆனால் டர்ன் -1 இருப்பதால் பலத்த காற்றுக்கு ஃபயர்பேர்ட் அளவுக்கு நம்ப முடியாது. எதை வீசினாலும் தாழ்வாக, இடது ஓரம் சற்றுக் கீழே சாய்ந்தபடி விடுங்கள். காற்று பின்னாலிருந்து வந்தால் கதை தலைகீழ். அப்போது லெப்பர்டை எடுங்கள்.

போன வருஷம் நேராகப் போன டீபேர்ட் இப்போது வலப்பக்கம் ஓடுகிறது. டிஸ்க் கெட்டுப்போய்விட்டதா சார்? (கொடைக்கானல்)

பழகிவிட்டது என்று சொல்லுங்கள். விலை குறைந்த டிஎக்ஸ் பிளாஸ்டிக், சீகை மரத்திலும் பைன் மரத்திலும் மோதி மோதி ஓரம் நசுங்கும். நசுங்க நசுங்க டிஸ்க் அண்டர்ஸ்டேபிள் ஆகும், அதாவது எளிதில் வலப்பக்கம் திரும்பும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். வலப்பக்கம் வளைந்து போகவேண்டிய இடத்துக்கு அதைவிட நல்ல டிஸ்க் கிடைக்காது. புதிதாக அதே டீபேர்டைச் சாம்பியன் அல்லது ஸ்டார் பிளாஸ்டிக்கில் வாங்குங்கள். இரண்டும் நீண்ட நாள் உழைக்கும். என் ஓட்டு ஸ்டாருக்கு. மார்கழிக் குளிரில், மூடுபனி ஈரத்தில், சாம்பியன் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். எதுவானாலும் ஒரு துண்டு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

டிஸ்க் கையைவிட்டுக் கிளம்பும்போதே உதறுகிறது, அப்புறம் வலப்பக்கம் கவிழ்ந்து உருள்கிறது. எந்த டிரைவர் சரி செய்யும்? (குன்னூர்)

எதுவும் செய்யாது. உதறல் கையிலிருந்து வருவது. விடும் நேரத்தில் மணிக்கட்டை மேல்பக்கமாக உருட்டுகிறீர்கள். பஸ் (5, 4, -1, 1) போன்ற ஒரு மிட்ரேஞ்சை, அதாவது நடுத்தர தூரத்துக்கான டிஸ்க்கை, அரைப் பலத்தில் வீசுங்கள். அதுவும் உதறிக் கவிழ்ந்தால் குற்றம் டிஸ்க்கில் இல்லை. இதே கோளாறுக்கு நான் மூன்று ஓவர்ஸ்டேபிள் (இடப்பக்கம் பலமாக இழுக்கும்) டிரைவர்கள் வாங்கினேன். கோளாறு தெரியாமல் மறைந்தது, போகவில்லை. தூரமும் சேர்ந்து போனது. சரியாக ஒரு வருஷம் பின்தங்கினேன்.

எடை குறைந்தது வாங்கலாமா? 150 கிராம் கிடைக்கிறது. (கொடைக்கானல்)

ஸ்டேபிள்தான் தேவை என்றால் வேண்டாம். லேசான டிஸ்க் சீக்கிரம் திரும்பும். 170-லிருந்து 175 கிராம் எடுங்கள். விதிப்படி விட்டத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம்தான் உச்சம். 21.2 செ.மீ. டிரைவர் 176 கிராமுக்கு மேல் போகாதது அதனால்தான்.

தேயிலைச் சரிவில் கீழ்நோக்கி வீசினால் டிஸ்க் காணாமலே போகிறது. (குன்னூர்)

கீழ்நோக்கிப் போகும் டிஸ்க் கூடுதல் நேரம் காற்றில் இருக்கிறது. கடைசி இடது வளைவும் அந்த அளவுக்கு நீளும். இலக்குக்கு வலப்பக்கம் தள்ளிக் குறிவையுங்கள். ஃபேட் குறைந்த டிஸ்க் இங்கே லாபம். பச்சை நிற டிஸ்க் வாங்கியவர் நீங்களாக இருக்காது என்று நம்புகிறேன். ஆரஞ்சு, ரோஸ் இரண்டும் தேயிலைக்குள் தெரியும். தேடாமல் விட்டுவிடாதீர்கள், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கே தடை போட்ட மலை இது. ஆனால் புதருக்குப் பக்கத்தில் காட்டுமாடு மேய்ந்தால் அதுவாக நகரும்வரை தள்ளி நின்று காத்திருங்கள், எவ்வளவு நேரமானாலும்.