சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தேடும் ஆளைப் பிடித்த நாடு, ஒப்படைக்கும் முன்பே அவரை வெளியே விடலாமா?

விடலாம். சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் தொனியைப் பார்த்தால் பரீட்சைக்குக் கேட்பவர் மாதிரித் தெரியவில்லை. அந்த நீதிமன்றம் தேடிய லிபியா ஆளை இத்தாலி பிடித்தும் ஒப்படைக்காமல், விமானம் ஏற்றி ஊருக்கே அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டுக் கொதித்துப்போய்க் கேட்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கும் சோறு இறங்கவில்லை. என் காரணம் வேறு.

முதலில் சட்டம். நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் இருக்கும் அந்த நீதிமன்றத்துக்கு அடிப்படை, ரோம் சாசனம் என்ற நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தம். அதன் 59-வது பிரிவின்படி, பிடிபட்டவரை உடனே உள்ளூர் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். வாரண்டில் உள்ள ஆள் இவர்தானா, முறைப்படி பிடித்தார்களா, அவருடைய உரிமைகளை மதித்தார்களா என்று நீதிபதி பார்ப்பார். வாரண்ட் போட்டதே சரியா என்று கிளறும் அதிகாரம் அவருக்கு இல்லை. பிடிபட்டவர் இடைக்கால விடுதலை கேட்கலாம். ஆனால் குற்றச்சாட்டின் கடுமையை மனதில் வைத்து, அவசரமான, அசாதாரணமான காரணம் உண்டா, விட்டாலும் பிறகு ஆளை ஒப்படைக்க வழி இருக்கிறதா என்று பார்த்துத்தான் விட வேண்டும். ஹேக்குக்கும் தகவல் போக வேண்டும், அங்கிருந்து வரும் பரிந்துரையை அலசிய பிறகுதான் முடிவு. ஜெயிலை விட ஜாமீனே அடிப்படை விதி என்று 1977-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் நமக்குச் சொன்னதற்கு இது நேர் தலைகீழ்.

நான் வக்கீல் இல்லை. ராமநாதபுரத்தில் கோர்ட் பக்கம் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஜாமீன் மனு அடித்துத்தான் வீட்டில் உலை கொதிக்கிறது, அதனால் ஜாமீனுக்கு நான் எதிரி என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

என் தம்பி தங்கச்சிமடத்தில் விசைப்படகுக்குப் போகிறவன். நெடுந்தீவு பக்கம் வைத்து இலங்கை நேவி பிடித்தது. ஊர்க்காவற்துறை கோர்ட்டில் நிறுத்தி, யாழ்ப்பாணம் ஜெயிலுக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அங்குள்ள வக்கீலிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வரும்: "அக்கா, விளக்கமறியல் நீடிச்சிருக்கு." நம்ம ஊர் ரிமாண்டுக்கு அங்கே அதுதான் பெயர். ஜாமீன் கேளுங்கள் என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: வெளிநாட்டு ஆள், அங்கே விலாசம் இல்லை, பிணை நிற்க ஆள் இல்லை, விட்டால் கடல் தாண்டிவிடுவான் என்பார்கள். அம்மா வீட்டுப் பட்டாவை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு என் கடைக்கே வந்துவிட்டது. "நான் போய் நிக்கிறேன்டி, பட்டா இருக்குல்ல?" அந்தப் பட்டா அந்தக் கரையில் செல்லாது என்று அம்மாவுக்குப் புரியவைக்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு நகல் எடுத்து ஃபைலில் வைத்துக்கொண்டேன். கடைசியில், மறுபடி வந்தால் உள்ளே என்ற நிபந்தனையோடு தண்டனையை ஒத்திவைத்து விட்டார்கள்.

இப்போது இத்தாலிக்கு வருவோம். அந்த லிபியா ஆள் ஒசாமா எல்மஸ்ரி நஜீம், லிபியத் தலைநகர் திரிபோலியின் மிட்டிகா சிறையில் நடந்த கொலை, சித்திரவதை, பாலியல் வன்முறைக்காக வாரண்ட் உள்ளவர். 2025 ஜனவரி 19 அன்று துரினில் பிடித்தார்கள். நீதி அமைச்சர் வழியாக வராமல் போலீஸ் தானாகவே கைது செய்தது முறையில்லை என்று சொல்லி, 21-ம் தேதி ரோம் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. அன்றே அரசு விமானத்தில் திரிபோலி! இதை ஜாமீன் என்றே சொல்ல முடியாது. பிணை இல்லை, நிபந்தனை இல்லை, ஹேக்கைக் கலந்துகொள்ளவும் இல்லை. அந்த அக்டோபரில் ஹேக் நீதிபதிகள் இத்தாலி கடமை தவறியது என்றே தீர்ப்பு சொன்னார்கள்.

ஒழுங்காகச் செய்தவர்களும் உண்டு. ருவாண்டா படுகொலை வழக்கில் பல ஆண்டு தலைமறைவாக இருந்த ஃபெலிசியன் கபூகாவை 2020 மே மாதம் பாரிஸ் அருகே பிடித்தார்கள். அது ஐ.நா. தீர்ப்பாயத்தின் வாரண்ட், சட்டம் வேறு. வயது, உடல்நலம் எல்லாம் சொல்லி வெளியே விடச் சொன்னார். பிரான்ஸ் கோர்ட் விசாரித்து மறுத்தது, அக்டோபரில் ஹேக்கில் உள்ள அந்த ஐ.நா. தீர்ப்பாயத்துக்கு அனுப்பியது. என் கட்சி இதுதான்: விடுவதோ மறுப்பதோ, மனு போட்டு, இரு தரப்பும் பேசி, காரணம் எழுதிச் செய்யட்டும்.

இந்தியாவும் இலங்கையும் ரோம் சாசனத்தில் சேரவில்லை, ஆகவே இந்த 59 நம் பக்கம் செல்லாது. வேறு நாட்டுக்கு ஒப்படைப்பதென்றால் இந்தியாவில் அதற்கென்று 1962-ம் வருடச் சட்டம் இருக்கிறது. அதில் ஜாமீன் கேட்க வழி இருக்கிறது.

மீனவனையும் சித்திரவதைக்காரனையும் ஒன்றாக்குகிறாயே என்பார்கள். ஒன்றாக்கவில்லை. எல்லை தாண்டியது தப்பு என்பவர்களுக்கும் சரி, ஒப்புக்கொள்கிறேன், இழுவைமடி வலையால் அந்தக் கரை மீனவருக்கும் நஷ்டம்தான். ஆனால் தம்பி வந்த பிறகும் படகு வரவில்லையே? யாழ்ப்பாணத்து மயிலிட்டித் துறைமுகத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்து பலகை விட்டுப்போய்விட்டது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். படகுக் கடனுக்கு வட்டி மட்டும் மாதா மாதம் தப்பாமல் வருகிறது. மனு கொடுக்கப் போனால், "படகு எங்கே இருக்கு, அதுக்குச் சான்று கொண்டு வாம்மா" என்கிறார் ஓர் அதிகாரி. அந்தச் சான்றை நான் யாரிடம் போய் வாங்குவது?