மே மாதத்தில் சென்சார் லைட் ஏன் ஆளைக் கண்டுகொள்வதில்லை?

கேள்வி: பெரம்பூரில் எங்கள் அபார்ட்மென்ட்டின் ஸ்டில்ட் பார்க்கிங்கிலும் மாடிப்படியிலும் சென்சார் லைட் போட்டிருக்கிறோம். டிசம்பரில் நன்றாக எரிந்தது. இப்போது மே மாதத்தில், ஆள் பக்கத்தில் வந்து நின்றாலும் எரிய மறுக்கிறது. நள்ளிரவில் யாருமே இல்லாதபோது தானாக எரிகிறது. எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சென்சார் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. சென்னை வெயில்தான் அதைக் குழப்புகிறது.

உங்களிடம் இருப்பது பெரும்பாலும் பிஐஆர் சென்சாராக, அதாவது உடம்பின் வெப்பக் கதிரை வைத்து ஆளைக் கண்டுகொள்ளும் சென்சாராக இருக்கும். வெள்ளையாகப் புடைத்த பிளாஸ்டிக் மூடியை உற்றுப் பாருங்கள், சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு லென்ஸ். எதிரே இருக்கும் இடத்தை அவை பட்டை பட்டையாகப் பிரித்து, உள்ளே இருக்கும் இரண்டு உணரிகளுக்குக் காட்டுகின்றன. நம் உடம்பிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிர், 10 மைக்ரானை ஒட்டிய அலைநீளத்தில் அதிகமாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆள் ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு நகரும்போது இரண்டு உணரிகளுக்கும் கிடைக்கும் வெப்பத்தில் வித்தியாசம் வரும். அந்த வித்தியாசம்தான் விளக்கைப் போடுகிறது. அசையாமல் நின்றால் சென்சாரைப் பொறுத்தவரை நீங்கள் அங்கே இல்லை.

இங்கேதான் மே மாதம் வில்லங்கம் செய்கிறது. தோலின் மேற்பரப்பு சுமார் 33, 34 டிகிரி. டிசம்பர் இரவில் பார்க்கிங் சுவர் 25 டிகிரியில் இருந்தால் ஆள் பளிச்சென்று தெரிவார். கத்திரி வெயிலில் பகலெல்லாம் சூடேறிய சுவரும் தூணும் இரவு எட்டு மணிக்கும் ஏறக்குறைய நம் தோலின் சூட்டிலேயே இருக்கும். பின்னணியும் ஆளும் ஒரே சூடு என்றால் சென்சார் எதைப் பார்க்கும்? சுவர் 40 டிகிரியைத் தாண்டினால் ஆள் 'குளிர்ந்த பொருளாக'த் தெரிந்து லைட் மறுபடி எரியத் தொடங்கும் என்பது வேடிக்கை.

முதலில் பொருத்திய இடத்தைப் பாருங்கள். நடப்பவர் சென்சாரை நோக்கி நேராக வந்தால் பட்டைகளைக் கடப்பது குறைவு. குறுக்கே நடந்தால் அதிகம். கேட்டுக்கு நேர் எதிரே மாட்டியிருந்தால் பக்கவாட்டுச் சுவருக்கு, ஏழெட்டு அடி உயரத்தில் மாற்றுங்கள். அதிலேயே பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் கணிப்பு. மூடியைத் துணியால் துடைப்பதும் முக்கியம். அப்புறம், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். இந்தக் கதிர் சாதாரணக் கண்ணாடியைக் கடக்காது. ஆடி ஏ8 காரில் 2013-லேயே, தெர்மல் கேமரா இருட்டில் நடப்பவரைக் கண்டுபிடித்ததும் ஹெட்லைட் அவர் மேல் சிமிட்டும் வசதி வந்தது. அந்தக் கேமராவையும் கண்ணாடிக்குப் பின்னால் வைக்க முடியாமல் காரின் முகப்பில்தான் வைத்தார்கள்.

சரி, நள்ளிரவில் தானாக எரிவது? முதல் சந்தேகம் பல்லி மேல். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். லென்ஸ் மேலேயே அது ஊர்ந்தால், அவ்வளவு பக்கத்தில் யானை நடந்த மாதிரிதான். அடுத்தது ஏசி அவுட்டோர் யூனிட்டின் அனல் காற்று. சென்சார் அந்தப் பக்கம் பார்த்தால் லென்ஸில் அந்தப் பகுதியை மட்டும் அலுமினிய டேப் ஒட்டி மறையுங்கள். பைக்குகளுக்கு நடுவே திரியும் பூனைக்கும் அதே வைத்தியம், லென்ஸின் கீழ்ப்பகுதியில்.

இவ்வளவு செய்தும் மாடிப்படியில் சரியாகவில்லை என்றால், அங்கே மட்டும் மைக்ரோவேவ் சென்சார் போடலாம். அது வெப்பத்தை நம்பாமல், அனுப்பிய அலை அசையும் பொருளில் பட்டுத் திரும்புவதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும். மரக்கதவு, மெல்லிய சுவர் தாண்டியும் பார்த்துவிடும் என்பதால் அது எட்டிப் பார்க்கும் தூரத்தைக் குறைத்து வையுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்குள் யாராவது நடந்தாலும் படி விளக்கு எரியும். தெருவைப் பார்த்த பார்க்கிங்குக்கு இது வேண்டவே வேண்டாம், போகிற ஆட்டோவுக்கெல்லாம் எரியும். வயதானவர்கள் ஏறி இறங்கும் படியில் எந்த சென்சாரையும் முழுக்க நம்பாமல், ஒரு சின்ன எல்இடி பல்பு இரவு முழுக்க எரியட்டும்.

எலக்ட்ரீஷியனைக் காலை நேரத்தில் கூப்பிடாதீர்கள். அப்போது சுவர் ஆறியிருக்கும், எல்லா லைட்டும் ஒழுங்காக எரிந்து காட்டும். இரவு எட்டு மணிக்கு ஏணியோடு வரச் சொல்லி, ஒருவரை நடக்கவிட்டுப் பார்த்தே இடத்தை முடிவு செய்யுங்கள்.